பொதுமக்கள் மகிழ்ச்சி: எந்தப் பொதுமக்கள்?

ஒவ்வொரு சித்திரையிலும் இந்தச் செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. "இடி மின்னலுடன் கோடை மழை, வெப்பம் தணிந்ததால் பொதுமக்கள் மகிழ்ச்சி." கூடவே குடை பிடித்துச் சிரித்தபடி போகும் இரண்டு பெண்களின் படம். அதே பக்கத்தின் அடியில் நாலு வரியில், மின்னல் தாக்கி ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி இறந்த செய்தி இருக்கும். மகிழ்ந்த பொதுமக்களில் அவர் குடும்பம் சேர்த்தியா இல்லையா என்று யாரும் எழுதுவதில்லை.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வருகிறது. "காத்துக்கும் மழைக்குமா சாதி? எல்லார் வீட்டு ஓடும்தானே பறக்குது?" படித்தவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். காற்றுக்குச் சாதி தெரியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காற்று வரும்போது யார் வெட்டவெளியில் நிற்க வேண்டும், யார் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பதை ஊர் எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது.

புயலுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். நாலு நாளைக்கு முன்பே தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், அமைச்சர்கள் வருகிறார்கள். கோடைக் காற்று மழைக்கு அந்த மரியாதை கிடையாது. நாள் முழுக்கக் காய்ந்த தரையின் சூடும் கடலிலிருந்து வரும் ஈரமும் சேர்ந்து, மதியம் 3 மணிக்கு மேல் உள்மாவட்டங்களில் கருக்கல் கட்டும். ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். மின்னல் எந்தப் பக்கம் இறங்கும் என்பது நெருக்கத்தில்தான் தெரியும். அதற்காகத்தான் 'தாமினி' என்ற செயலியை ஒன்றிய அரசின் புனே ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நாம் இருக்கும் இடத்திலிருந்து 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். நல்ல செயலி. நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் பிள்ளைகளின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தோம். வெட்டவெளியில் நிற்காதே, மரத்தடிக்குப் போகாதே, கட்டடத்துக்குள் போ என்பதுதான் எல்லா எச்சரிக்கையும் சொல்வது.

எந்தக் கட்டடத்துக்குள்?

போன மே மாதம், வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், காலனியிலிருந்து 14 பெண்கள் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார்கள். கூடப் போன கல்லூரி மாணவியின் போன் அடித்தது. வானமும் கறுத்துவிட்டது. கொல்லையில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது, கான்கிரீட் கூரை போட்டது. நிலக்காரர் வண்டியில் பறந்து வந்தார், கொட்டகையைத் திறந்தார், பிடுங்கிய மல்லாட்டை மூட்டைகளை இந்தப் பெண்களை வைத்தே உள்ளே ஏற்றினார். பிறகு பூட்டினார். "உள்ள கரண்டு இருக்குது, ஷாக் அடிக்கும், ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் புளியமரத்தடியில் போய் நின்றார்கள். நிற்கக்கூடாத ஒரே இடம் அதுதான் என்று அந்த மாணவிக்குத் தெரியும். சொல்லி எங்கே கூட்டிப்போவாள்? இரண்டு கழனி தள்ளி ஒரு பனைமரம் எரிந்தது. "மூட்டைக்கு எடம் இருக்குது, நமக்குத்தான் இல்ல" என்றாராம் ஒரு ஆயா. அன்று யாரும் சாகவில்லை. அதனால் அது செய்தியும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கொட்டகை தனியார் சொத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வராது என்று ஒரு தம்பி சட்டம் பேசினார். சரி தம்பி, கோயில் மண்டபம்? அதில் ஏற விடாவிட்டால் சட்டத்தில் வரும். ஆனால் இடி இடிக்கும்போது படியில் நின்று வழக்கு பேச முடியாது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும், அந்தப் பக்கமே போவதில்லை. மிச்சம் இருப்பது அரசுப் பள்ளி. மே மாதம் விடுமுறை, பூட்டு. அடுத்து சமுதாயக் கூடம். அதன் சாவி ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருக்கிறது. கோடை மழை வரும் மாதங்களில்தான் எங்கள் மக்கள் நுழையக்கூடிய பொதுக் கட்டடங்கள் மூடிக் கிடக்கின்றன.

2022இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கில் சாதிக்குக் கட்டம் கிடையாது. கொல்லையில் யார் குனிந்து நிற்கிறார்கள், வரப்பில் யார் குடையோடு நிற்கிறார்கள் என்பது தெரிந்த நாட்டில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டது தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை.

பயணத்துக்கு வருவோம். ஊர் நிறுத்தத்தில் நிழற்குடை உண்டு. காலனி நிறுத்தத்தில் ஒரு மரம் உண்டு. தேர்வு எழுதிவிட்டு மாலை பஸ்ஸில் வரும் பிள்ளைகள் அங்கே இறங்கி, கரும்புக்கும் கருவேலத்துக்கும் நடுவே இருட்டில் நடக்க வேண்டும். காற்றில் மரம் விழுந்துவிட்டால் பஸ் ஊரோடு திரும்பிவிடும். மெயின் ரோட்டு மரத்தை அன்று இரவே அறுத்து எடுக்கிறார்கள். காலனிக்குப் போகும் பாதையில் விழுந்த மரத்தை எங்கள் இளைஞர்களே அரிவாளால் வெட்டினார்கள், இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் ஒரு பெண் செமஸ்டர் தேர்வைத் தவறவிட்டாள். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் திறந்த சரக்கு வண்டியில், மழையில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கரண்டும் அப்படித்தான். நாங்கள் பார்த்த கிராமங்களில் காலனிக்கு வரும் கம்பி, ஊர் டிரான்ஸ்பார்மரின் கடைசி முனை. ஊரில் விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று லைன்மேன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாலு ஊருக்கு ஒரே ஆள்.

எல்லாம் முடிந்த பிறகு காகிதம் வருகிறது. இங்கேதான் நம் மாணவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பேரிடர் நிவாரண நிதிக்கான ஒன்றிய அரசின் 2022 விதிமுறைப்படி, சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய். முழுதாக இடிந்த கச்சா வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். மண்சுவர் வைத்து ஓடு போட்ட வீடு இதில் எது? ஆய்வுக்கு வருபவர் 'குடிசை' என்று எழுதினால் ஒரே சொல்லில் 1,12,000 ரூபாய் காணாமல் போகிறது. அது மட்டுமா, அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று சான்று வேண்டும். மூன்று தலைமுறையாகப் புறம்போக்கில் உட்கார வைத்துவிட்டு, பட்டா கேட்டால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, கூரை பறந்த அன்று அங்கீகாரம் எங்கே என்று கேட்கிறார்கள்.

வாழைத்தோட்டம் சாய்ந்தால் சிட்டா, அடங்கல் வைத்திருப்பவருக்கு எக்டேர் கணக்கில் நிவாரணம். கிடைக்கட்டும், அவர் நட்டமும் நட்டம்தான். அந்த வாழையில் தார் வெட்டிச் சுமக்கவிருந்தவருக்கு என்ன? அதே விதிமுறையில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் இரண்டு பெரியவர்களுக்கு நூறு நாள் வேலைக் கூலி அளவுக்கு உதவித்தொகை தர இடம் இருக்கிறது. கோடைக் காற்று மழைக்கு அதை யாரும் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. கேட்டும் யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே நமக்குச் சொல்லப்படவில்லை.

கோடை மழையா நம் பிரச்சினை, வேறு வேலை இல்லையா என்று கேட்கும் தோழர்களும் உண்டு. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று மழையில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். அது கோடை மழை அல்ல. ஆனால் அந்தச் சுவர் ஒரே இரவில் எழும்பியதும் அல்ல. ஆபத்து என்று முன்பே சொன்ன மக்களின் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 22, மே 1 இரண்டு நாளும் கிராம சபை. இரண்டுமே இந்தப் பருவத்தில்தான் வருகின்றன. எங்கள் பகுதியில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுபோகிறோம். விடுமுறையில் பள்ளியின் ஒரு வகுப்பறைச் சாவியும் சமுதாயக் கூடத்தின் சாவியும் காலனியில் ஒருவரிடம் இருக்க வேண்டும். காலனி நிறுத்தத்தில் நிழற்குடை வேண்டும். சேத ஆய்வின்போது 'குடிசை' என்று எழுதினாரா, 'வீடு' என்று எழுதினாரா என்பதை வீட்டுக்காரருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். போன முறை சாவியைக் கேட்டபோது, "உங்ககிட்ட குடுத்தா யாரு பொறுப்பு?" என்றார்கள். இந்த முறை அந்தக் கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லப் போகிறோம், கேட்டவர் பெயரோடு.