வாசிப்பதைத் தெரிவு செய்வது யார்?



கடலூரிலும் சிதம்பரத்திலும் கைப்பேசி இல்லாத இல்லம் இன்று அரிது. கடலுக்குச் செல்வோர் வானிலை அறியவும், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் கட்டுரை தேடவும், முதியோர் திருத்தந்தையின் செய்தியை வாசிக்கவும் அதனையே நாடுகின்றனர். ஆயினும் நாம் தேடுவது ஒன்று. திரையில் வந்து நிற்பது வேறொன்று. எதை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்பதை விளம்பரத்தால் வாழும் நிறுவனங்களின் கணக்கே முடிவு செய்கிறது. இதற்கு மாற்று வழி உண்டா என்று வாசகர் சிலர் வினவியுள்ளனர். உண்டு, அதன் பெயர் செய்தியோடை.

ஒரு வலைத்தளம் தன்னிடம் புதிதாக வெளிவந்தவற்றின் தலைப்பு, சுருக்கம், நாள் ஆகியவற்றைப் பட்டியலாக வெளியிடுவதே செய்தியோடை. ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இம்முறை 1999ஆம் ஆண்டில் பிறந்தது. நாம் விரும்பும் தளங்களின் ஓடைகளை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் செயலியை ஓடை வாசிப்பான் என்பர். 2004இல் காசி ஆறுமுகம் அவர்கள் உருவாக்கிய 'தமிழ்மணம்' இவ்வாறு ஓடைகளைத் திரட்டியே தமிழ் வலைப்பதிவுகளுக்கு வாசகரைத் தேடித் தந்தது.

வாசிப்பான்கள் பல உள்ளன. எதைக் கொள்வது? முதல் சோதனை, அதை விட்டு விலகுவது எளிதா என்பதே. 2005இல் தொடங்கிய கூகுள் ரீடரை உலகெங்கும் மக்கள் நம்பியிருந்தனர். 2013 ஜூலை 1ஆம் நாள் அது மூடப்பட்டது. தம் ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் கோப்பாக எடுத்து வைத்தவர்கள் வேறொன்றில் எளிதில் குடிபுகுந்தனர். ஆகவே அக்கோப்பைத் தராத செயலி எவ்வளவு அழகாயினும் வேண்டாம்.

அடுத்து, ஓடைகளைத் திருச்சபை, கல்வி, வானிலை எனத் தனித்தனி உறைகளில் வைக்க இயல வேண்டும். இணையத் தொடர்பு அறுந்தபோதும், முன்பு வந்தவற்றை வாசிக்க இயல வேண்டும். ஃபீட்லி, ஐநோரீடர் ஆகியவற்றில் கணக்குத் தொடங்கினால் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே பட்டியலைக் காணலாம்; கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு ஓடைகளின் எண்ணிக்கையில் வரம்புண்டு. கணக்கே வேண்டாம் என்போர்க்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'ஃபீடர்' போதும். கணினியில் தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் செயலியே ஓடைகளையும் வாசிக்கும். இவை நான்கும் அக்கோப்பைத் தருவன.

வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கத்துக்கு ஓடை உண்டு. பிளாகர், வேர்ட்பிரஸ் வலைப்பதிவுகளுக்குத் தாமாகவே ஓடை அமைகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளமும் எச்சரிக்கைகளை ஓடையாகத் தருகிறது. நம் கடற்கரை மக்களுக்கு இது சிறு செய்தி அன்று. ஆழிப்பேரலை தாக்கிய நான்காம் நாள், 2004 டிசம்பர் 30இல், மீண்டும் அலை வருமென்ற எச்சரிக்கை பரவியது. தம் இறந்தோரை அடக்கம் செய்து முடிக்காத மக்கள் மீண்டும் ஓடினர், அலை வரவில்லை. அன்று நம் நாட்டில் அதனைக் கணிக்கத் தனி மையம் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் அம்மையம் இயங்குகிறது. ஊற்று இருக்கிறது, நாமோ, யார் எழுதினார் என்றறியாத வாட்ஸ்அப் செய்தியை இன்னும் கைமாற்றிக் கொண்டிருக்கிறோம்.

ஒன்றை மறவாதீர். ஓடை வாசிப்பான் அபாயச் சங்கு அன்று. அது குறித்த இடைவெளிகளில்தான் புதியதைத் தேடிப் பெறும்; சிலவற்றில் அந்த இடைவெளி ஒரு மணி நேரத்தையும் கடக்கலாம். புயல் நெருங்கும் வேளையில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையே பின்பற்றுங்கள். வாசிப்பான் அமைதியான நாள்களில் உண்மையின் ஊற்றை அறிந்து பழகுவதற்கே.

புனித தாமஸ் அக்குவினாஸ் அறிவார்வத்தை நற்பண்பு என்றும், வீண் ஆவலை அதன் எதிரி என்றும் பிரித்துக் காட்டினார். 1963 டிசம்பர் 4இல் வெளிவந்த சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடும், நல்லதைத் தெரிந்தெடுக்கும் கடமை வாசிப்போர்க்கும் உண்டென்று கற்பிக்கிறது. ஆண்டவர் சொன்ன வலை உவமையில் எல்லா வகை மீனும் வலையில் சேர்ந்தன. ஆனால் கரையில் அமர்ந்து நல்லவற்றைக் கூடையில் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்தார்கள். அந்த அமர்தலுக்குத்தான் இன்று நமக்கு நேரமில்லை.

எனவே இம்மாதம் ஒரு ஞாயிறு மாலை, பெற்றோரும் பிள்ளைகளும் கூடி அமருங்கள். பத்துத் தளங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் சேர்க்குமுன், இதை எழுதுபவர் யார், இது நம் வீட்டுக்கு என்ன தரும் என்று கேளுங்கள். மூன்று மாதம் ஒருவரும் வாசிக்காததை நீக்குங்கள். நம் வீட்டு வாசலில் யார் நுழையலாம் என்பதை நாமே முடிவு செய்கிறோம். நம் உள்ளத்தின் வாசலை மட்டும் அயலாரிடம் ஒப்படைக்கலாமா?