பொன்னிலைக்கு ஏற்ற இடம்

இங்கிலாந்தில் குளிர் இன்னும் முழுவதும் விடைபெறாத மார்ச் மாதக் கடைசியில் செடி விற்கும் நாற்றுப் பண்ணைக்குச் செல்பவர்களின் கண்ணைப் பறிப்பது, மடிப்பு விரியும் பொன்மஞ்சள் இலைகளினிடையே இளஞ்சிவப்புப் பூக்கள் சிறு சரங்களாகத் தொங்கும் ஒரு குத்துச்செடி. பூக்கரன்ட் இனத்தின் பொன்னிலை வகையான இதைத் தோட்டக்காரர்கள் பிராக்கிள்பாங்கி என்பார்கள். இதன் சௌந்தரியத்தில் மனம் பறிகொடுத்து வாங்கிச் செல்லும் பலர், பொன் என்றால் வெயிலில்தானே ஜொலிக்கும் என்ற எண்ணத்தால், நாள் முழுதும் சூரியன் காயும் இடத்தில் நட்டு, கோடை பாதி கழிவதற்குள் அதை உருக்குலைத்துவிடுகிறார்கள்.

நானும் அப்படிச் செய்து வருந்தியவன். தெற்கு பார்த்த சுவரோரம் நட்ட என் செடியின் இலைகள் முதலில் விளிம்பில் காகிதம்போல் வெளுத்தன; பிறகு பழுப்பேறி, விரல் பட்டாலே நொறுங்கின. தண்ணீர் போதவில்லையென்று மாலைதோறும் ஊற்றியும் பயனில்லை. ஏனெனில் கோளாறு தண்ணீரில் இல்லை; அந்தப் பொன்னிறத்திலேயே இருந்தது. இலையில் பச்சையம் குறைந்திருப்பதனாலேயே மறைந்திருக்க வேண்டிய மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. பச்சையம் குறைந்த இலையோ மெள்ளத்தான் உணவு சமைக்கும், மத்தியான வெயிலின் உக்கிரத்தையும் தாங்காது. பச்சை இலைப் பூக்கரன்ட் ஆளுயரத்தைத் தாண்டி வளர, இது மார்பளவோடு நின்றுவிடுவதற்கும் அதுவே காரணம்.

இதன் மூலச்செடியின் ஜன்மபூமி வட அமெரிக்காவின் மேற்குக் கரை. லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் பிரதிநிதியாக 1825-ஆம் ஆண்டில் கொலம்பியா நதிக்கரையை அடைந்த டேவிட் டக்ளஸ், மழையிலும் பசியிலும் அலைந்து திரட்டியனுப்பிய விதைகளிலிருந்தே இது இங்கிலாந்துத் தோட்டங்களில் பரவிற்று. வேறொன்றும் வராமல் இச்செடி மட்டும் வந்திருந்தாலும் அந்த யாத்திரைக்கான செலவு வீணாகாது என்பது தாவரவியல் பண்டிதர் ஜான் லிண்ட்லியின் அபிப்பிராயம். டக்ளஸோ 1834-இல், தமது 35-ஆம் வயதில், ஹவாய்த் தீவில் காட்டு மாடு பிடிக்க வெட்டியிருந்த குழியில் விழுந்து மாண்டார். அவர் பெயர் தாங்கிய டக்ளஸ் ஃபிர் மரங்களின் ஓரங்களிலும், வெளிச்சம் சல்லடையாக இறங்கும் காட்டுச் சரிவுகளிலும், ஹம்மிங் பறவைகளுக்கு வசந்தத்தின் முதல் தேனை அளித்து வளர்ந்த குலம் இது. அந்தச் சுபாவத்தை அறியாமல் நாம் இடம் தேடுவது நியாயமில்லை.

ஆகவே, 'வெயிலிலும் நிழலிலும் வளரும்' என்று சீட்டில் பொதுவாக அச்சடித்துத் தொங்கவிடும் வழக்கத்தை விற்பனையாளர்கள் கைவிட வேண்டும். அடர்ந்த நிழலிலும் இதற்குச் சுகமில்லை. இலை பசுமை கலந்து மங்கும், பூவும் குறையும். 'காலை வெயில், மத்தியான நிழல்' என்று அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

இலையுதிர்ந்த நவம்பரில் என் செடியை வேர்மண்ணோடு பெயர்த்து, வீட்டின் கிழக்குப் பக்கத்தில், உச்சிவேளையில் கூரை நிழல் விழும் இடத்தில் நட்டேன். மறு ஏப்ரலில், மேகம் கவிந்த ஒரு காலையில், அந்த மூலை முழுவதும் விளக்கேற்றி வைத்தாற்போலிருந்தது. பூ உதிர்ந்ததும் பூத்த கிளைகளைக் குறைத்துவிடுகிறேன். பச்சை இலையோடு முரட்டுத்தனமாகக் கிளம்பும் தளிர் எதுவானாலும், விட்டுவைத்தால் செடி முழுவதையும் அது ஆக்கிரமித்துவிடுமென்பதால், அடியோடு வெட்டிவிடுகிறேன். விதை போட்டால் பொன்னிலை வருமென்று நம்ப முடியாது. பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளைக் குளிர்காலத் தொடக்கத்தில் நறுக்கி மண்ணில் செருக வேண்டும். சென்ற ஆண்டு செருகிய ஆறில் நான்கு துளிர்விட்டிருக்கின்றன; பக்கத்து வீட்டாருக்கு ஒன்று கொடுத்தபோது, அவர்கள் சுவரின் நிழல் எந்நேரம் எங்கே விழுகிறதென்று பார்த்த பிறகே குழி தோண்டினோம்.