ஹாட் ஏர் பலூன் விபத்து: பயணிகளுக்கு எப்போது, எப்படி அடிபடுகிறது?

பிரேசிலின் சாண்டா கேடரினா மாநிலத்தில் 2025 ஜூன் 21 அன்று, 21 பேருடன் பறந்த ஹாட் ஏர் பலூனில் தீப்பிடித்தது. பலூனைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பைலட், எல்லோரையும் குதிக்கச் சொன்னதாக போலீசார் தெரிவித்தனர். பைலட் உட்பட 13 பேர் தப்பினர். மீதி 8 பேர் குதிப்பதற்குள் பலூன் மறுபடியும் மேலே போய்விட்டது. அந்த 8 பேரும் உயிரிழந்தனர்.

தரைக்கு வந்த பலூன் ஏன் மேலே போனது?

காரணம், எடை. சூடான காற்றின் தூக்கும் சக்தியும், பலூனோட மொத்த எடையும் சமமாக இருந்தால்தான் அது ஒரே உயரத்தில் நிற்கும். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும், 13 பேர் குதித்தால் 780 கிலோ குறைந்துவிடும். அப்புறம் பலூன் விர்ருனு மேலே ஏறத்தான் செய்யும்.

எகிப்தின் லக்சரில் 2013 பிப்ரவரி 26 அன்று நடந்ததும் இதே மாதிரிதான். தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்தது. பைலட்டும் ஒரு பயணியும் மட்டும் பிழைத்தனர். மேலே ஏறி விழுந்த பலூனில் 19 பேர் பலியாகினர்.

அப்போ, தீ தான் பெரிய ஆபத்தா?

இல்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை சுற்றுலா பலூன்கள் சிக்கிய 78 விபத்துகளை ஆய்வாளர்கள் அலசினர். அதில் 81 சதவீத விபத்துகள் தரையிறங்கும்போது நடந்தவை. 91 பேருக்குப் பலத்த காயம், 5 பேர் மரணம். விவரம் தெரிந்த பலத்த காயங்களில் பாதிக்கும் மேல் கால் எலும்பு முறிவுகள். உயிரிழந்த 5 பேருமே மரம், மின்கம்பி, கட்டடம் போல ஏதாவது ஒன்றில் பலூன் மோதிய விபத்துகளில் இறந்தவர்கள்.

தரையிறங்குவது ஏன் இவ்வளவு சிக்கல்?

பலூனுக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. காற்று போகிற பக்கம்தான் போகும். உயரத்தைக் கூட்டிக் குறைத்து, வேறு திசையில் வீசும் காற்றைப் பிடிப்பது மட்டும்தான் பைலட்டால் முடியும். 2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் கிளம்பிய பலூன் ஒன்று, கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் வயலில் போய் இறங்கியது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

வயலுக்குப் பதில் மின்கம்பி என்றால் கதையே வேறு. நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 2012-ல் 11 பேரும், அமெரிக்காவின் டெக்சாஸில் 2016-ல் 16 பேரும் இப்படித்தான் இறந்தனர். டெக்சாஸ் விபத்தின்போது அங்கே பலூன் பைலட்டுகளுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. பணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் பைலட்டுகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி 2022-ல் தான் வந்தது.

பயணிகள் என்ன செய்ய வேண்டும்?

* இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். விறைப்பாக நின்றால் கூடை மோதும் அதிர்ச்சி நேராக எலும்புக்குப் போகும்.

* பலூன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, உள்ளே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கை, கால் வெளியே நீட்டக் கூடாது. மொபைல் பைக்குள் போய்விட வேண்டும்.

* கூடை தரையைத் தொட்டாலும், சாய்ந்தாலும், பைலட் சொல்லும்வரை யாரும் இறங்கக் கூடாது. ஒருத்தர் அவசரப்பட்டு இறங்கினாலும், உள்ளே இருப்பவர்களோடு பலூன் மேலே எழும்பலாம்.

ஏறுவதற்கு முன்பே இதையெல்லாம் பைலட் சொல்லி, நின்று காட்டச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். "காற்று சரியில்லை, இன்னைக்குப் பறக்க முடியாது" என்று அவர் சொன்னால், சண்டை போடாமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது.