மெஸ் பாக்கிப் பட்டியல்

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிவாக்கில் விடுதி அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒரு தாள் ஒட்டப்படும். மெஸ் பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர், அறை எண், தொகை. கீழே துணைக் காப்பாளரின் கையெழுத்து. கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில் நான்கு ஆண்டுகள் அந்தக் கையெழுத்தைப் போட்டவன் நான். தாளில் இருபது, முப்பது பெயர்கள் இருக்கும். பெரும்பாலான பெயர்கள் அடுத்த வாரமே அடிக்கப்பட்டுவிடும். ஊரிலிருந்து பணம் வந்திருக்கும். மாதாமாதம் அதே இடத்தில் நிற்கிற பெயர்கள் ஏழெட்டு உண்டு.

அவற்றில் ஒன்று, வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருடையது. மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டினால் சாப்பாடு கிடையாது என்பது விதி. சமையலர் அந்த விதியை ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. தட்டை நீட்டியவருக்கெல்லாம் சோறு போட்டார். ஆனால், தாளில் பெயர் வந்த பிறகு அந்த மாணவர் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை பார்த்தபோது பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேசை இழுப்பறையில் ரெக்கார்டு நோட்டு. உப்புப் பகுப்பாய்வில் மூன்று சோதனைகள் எழுதி முடித்து, நான்காவதற்குத் தலைப்பு மட்டும் ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடிட்டிருந்தார். இடைநின்றதற்கான காரணம் என்ற கட்டத்தில் கல்லூரி எழுதிக்கொண்டது: ‘சொந்தக் காரணம்’. பாக்கித் தொகை நான்காயிரத்துச் சொச்சம்.

கல்லூரியில் ஒரு மாணவர் வகுப்பில் இருப்பது நாளுக்கு ஐந்து மணி நேரம். மீதிப் பத்தொன்பது மணி நேரத்தில் அவர் என்ன சாப்பிடுகிறார், எங்கே படுக்கிறார், உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் சொல்கிறார் என்பதை நம் உயர்கல்வி அமைப்பு ‘மாணவர் நலன்’ என்று ஒரு தனிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறது. நிதி மிஞ்சினால் கவனிக்கப்படும் கோப்பு அது. முதல் தலைமுறை மாணவருக்கோ படிப்பு நிலைப்பதும் அறுவதும் அந்தப் பத்தொன்பது மணி நேரத்தில்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமும் அன்று. வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பிட இடமும் கிடைக்காத நிலையைப் பார்த்து, டாக்டர் சி.நடேச முதலியார் 1916-ல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியைத் தொடங்கினார். சில ஆண்டுகளே நடந்த விடுதி அது. பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டி.எம்.நாராயணசாமிப் பிள்ளையும் அங்கே தங்கிப் படித்தவர்கள். அதே 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளியும் விடுதியோடு சேர்ந்துதான் வளர்ந்தது. ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டுமென்றால் முதலில் அதற்குச் சோறும் கூரையும் வேண்டும் என்பதில் அந்தத் தலைமுறைக்கு ஐயமே இருக்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் அரசும் நிறையச் செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4%, தமிழ்நாட்டுக்கு 47%. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர்களின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் சேர்க்கின்றன. அந்த ஆயிரத்தில் செருப்பும் ரீசார்ஜும் ஜெராக்ஸ் செலவும் கழிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் கை நீட்டாமல் ஒரு பெண் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது பெரிய மாற்றம். 2025 ஜூலையில் அரசு விடுதிகள் அனைத்துக்கும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் சூட்டப்பட்டது: 2,739 விடுதிகள், சுமார் 1.8 லட்சம் மாணவர்கள். சாதியின் பெயரை வாசல் பலகையிலிருந்து எடுத்தது நல்ல காரியம்.

வாசலுக்கு உள்ளே வருவோம். அரசு விடுதியில் கல்லூரி மாணவருக்கான உணவுப் படி 2023-ல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. முப்பதால் வகுத்தால் நாளுக்கு 50 ரூபாய்; மூன்று வேளைக்கு. தேநீர்க் கடையில் இரண்டு வடையும் ஒரு டீயும் என்ன விலை என்று தெரிந்த யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காப்பாளர்கள் தங்கள் சாமர்த்தியத்தில் ஓட்டுகிறார்கள். ஓட்ட முடியாத வாரத்தில் சாம்பார் ரசமாகிறது.

அரசு விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் கல்லூரி, பல்கலைக்கழக விடுதிகளுக்குப் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் நடப்பது டிவைடிங் மெஸ். வெளியாருக்கு இதை விளக்க வேண்டும். மாதம் முழுக்க வாங்கிய மளிகை, காய்கறி, பால், எரிவாயு எல்லாவற்றையும் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் கட்டணம். சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் உங்கள் பில். லாபமில்லை, ஒப்பந்தக்காரர் இல்லை. மாணவர் பிரதிநிதிகளே சந்தைக்குப் போய் வாங்கி வருகிறார்கள். கேட்பதற்கு மிக நேர்மையான ஏற்பாடு. ஆனால், மாதம் முடிந்த பிறகுதான் எவ்வளவு என்று தெரியும். பெரும்பான்மை கை தூக்கினால் மாதக் கடைசியில் சிக்கன் ஃபீஸ்ட் உண்டு. அதற்கான பங்கு, கை தூக்காதவர் பில்லிலும் ஏறும். பணமில்லாதவர் செலவைக் குறைக்க ஒரே வழி, சாப்பிடாத நாட்களுக்குக் கழிவு கேட்டு ரிடக்‌ஷன் எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது. அதற்கும் தொடர்ச்சியாக இத்தனை நாளாவது விடுதியில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ஆக, அவர் மூன்று நாள் வகுப்பை விடுகிறார். ஏழை மாணவர் அடிக்கடி ‘லீவ்’ போடுகிறார் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. அந்த லீவின் பின்னால் ரிடக்‌ஷன் படிவம் இருந்ததை, அதில் கையெழுத்துப் போட்ட நானே யோசித்துப் பார்த்ததில்லை.

உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், விடுதியில் தங்கி பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்குப் பராமரிப்புப் படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். மாதம் ஐந்நூறு. தொகை கிடக்கட்டும், வருகிற காலத்தைப் பாருங்கள். ஜூலையில் சேரும்போதே மெஸ் முன்பணம் கட்டியாக வேண்டும். பில் மாதாமாதம் வரும். உதவித்தொகையோ விண்ணப்பம், சரிபார்ப்பு, மாநிலப் பங்கு, ஒன்றியப் பங்கு என்று நகர்ந்து, பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் கணக்கில் விழுகிறது. இந்த இடைவெளியைக் கடன் வாங்கி அடைக்கத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை தங்குகிறது. தெரியாத குடும்பத்துப் பிள்ளை பாயைச் சுருட்டுகிறது.

நான் சொன்ன மாணவரின் அப்பா இரண்டு மாதம் கழித்து வந்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்க நோ ட்யூஸ் படிவத்தில் விடுதியின் முத்திரை வேண்டும். “புள்ள சாப்புட்டதுக்கு எவ்ளோ ஆச்சுன்னு சொல்லுங்க சார், கட்டிடறேன். வூட்ல குழுவுல எடுத்தாந்திருக்கு” என்றார். மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்த பணம். படிக்கவைக்க எடுத்திருக்க வேண்டிய கடனை, படிப்பை நிறுத்த எடுத்து வந்திருந்தார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

விடுதிச் செலவு கல்விச் செலவின் பகுதிதான் என்பதை அரசு ஒருமுறை ஏற்றிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டைப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் விரித்தபோது, அவர்களுடைய கல்விக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அன்றைய முதல்வர் அறிவித்தார். முதல் பட்டதாரிகளுக்கு 2010 முதல் தரப்படும் சலுகை கல்விக் கட்டணத்தோடு நின்றுவிட்டது. இது அதைத் தாண்டி ஓர் அடி. ஆனால், இரண்டுமே தொழிற்படிப்புகளுக்கு. அரசுப் பள்ளியிலிருந்து வருவோரில் பெரும் பங்கினர் சேரும் கலை, அறிவியல் கல்லூரிகள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அங்கே படிப்புக் கட்டணம் குறைவு என்பது உண்மை. வயிற்றுக்கு பி.ஏ., பி.இ. என்ற வேறுபாடு கிடையாதே. பள்ளி மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து, காலையில் எதுவும் சாப்பிடாமல் முதல் மணி நேர ஆய்வகத்தில் வந்து நிற்கும் பெண்களைப் பற்றி எந்த அரசுக் கல்லூரி ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பணத்துக்கு அடுத்த சிக்கல் நிர்வாகத்தில் இருக்கிறது. அரசு விடுதி நலத் துறையின் கீழ் வருகிறது. கல்லூரி உயர்கல்வித் துறையின் கீழ். விடுதிக் காப்பாளரிடம் ஒரு வருகைப் பதிவேடு. கல்லூரித் துறைத் தலைவரிடம் இன்னொன்று. மாணவர் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை என்பது கல்லூரிக்குத் தெரியும். அவர் அறையில் முடங்கிக் கிடக்கிறாரா, ஊருக்குப் போய்விட்டாரா, கட்டட வேலைக்குப் போகிறாரா என்பது விடுதிக்குத் தெரியும். இரண்டு பதிவேடுகளும் எங்கேயும் சந்திப்பதில்லை. செமஸ்டர் முடிவில் 75% வருகை இல்லை என்று கல்லூரி கணக்குப் பார்க்கிறது. 65-க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டச் சொல்கிறது, கீழே போனால் தேர்வெழுத விடுவதில்லை. வருகைக் குறைவு எதையோ சொல்லவருகிறது. அதைத் தண்டத்துக்குரிய குற்றமாக மட்டுமே படிக்கத் தெரிந்திருக்கிறோம்.

மனநலத்துக்கும் இதுவே பொருந்தும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அவசியமான உத்தரவு. ஆனால், ஆலோசகர் அறையின் கதவைத் தட்டத் தெரிந்த மாணவர் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டவர். தட்டாதவரை முதலில் கவனிக்கிறவர் சமையலராகவோ இரவுக் காவலராகவோதான் இருக்கிறார். “சார், அந்த முப்பத்தேழாம் ரூம் தம்பி ரெண்டு நாளா கீழ வரல” என்று எங்கள் காவலர் என்னிடம் சொன்னது போல ஓர் அறிக்கையை எந்தக் குழுவும் எனக்குத் தந்ததில்லை. அவருக்கும் சமையலருக்கும் ஒருநாள் பயிற்சியும், கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தால் போதும். இரவு பகல் எந்நேரமும் பேசக்கூடிய டெலி மனாஸ் எண் 14416 இருக்கிறது. எத்தனை விடுதிச் சுவர்களில் அது எழுதப்பட்டிருக்கிறது?

காப்பாளர் பதவியும் கூடுதல் பொறுப்பாகவே ஓடுகிறது. பகலில் நான்கு வகுப்பு எடுத்த ஆசிரியர் மாலையில் இருநூறு பேருக்குக் காப்பாளர். இப்படிப்பட்டவருக்கு எளிதாகக் கைவருவது பூட்டுதான். பெண்கள் விடுதிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். ஏதாவது நடந்துவிட்டால் நுழைவு நேரத்தை அரை மணி முன்னுக்குக் கொண்டுவருகிறோம், அவுட்பாஸில் இன்னொரு கையெழுத்தைச் சேர்க்கிறோம். கோழிக்கோடு பகுதியில் ஒரு கல்லூரி விடுதி, மாலை ஆறு முதல் பத்து மணிவரை கைபேசி கூடாது என்றது. எதிர்த்த மாணவியை வெளியேற்றியது. 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இணைய வசதியைக் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்த்துப் பார்த்து, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறது, விடுதி வாசல் ஆறரைக்கு மூடுகிறது என்றால், அந்த ஒன்றரை மணி நேர நூலகம் யாருக்கானது?

அரசு தலையிட நினைத்தால் விடுதிக்குள் சட்டமே போகும். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவ மாணவர் பொன்.நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-லேயே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தப் பையனின் சாவு நம் எல்லோரையும் உலுக்கியது. மெஸ் பாக்கிக்காகப் போகிறவர்கள் ஓசையில்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

செய்ய வேண்டியவை என் கணக்கில் மூன்று. கலை, அறிவியல் கல்லூரிகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்கும் விடுதிக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கக் காலமாகும் என்றால், உதவித்தொகை வரும்வரை மெஸ் பில்லைப் பல்கலைக்கழகமே தாங்கி, வந்ததும் கழித்துக்கொள்ள ஒரு சுழல் நிதி வைக்கலாம். விடுதிப் பதிவேட்டையும் கல்லூரிப் பதிவேட்டையும் வாரம் ஒருமுறை ஒருவராவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் அரசாணை வேண்டும். ஆனால், நவம்பர் தேர்வுக்கான ஹால் டிக்கெட்டை மெஸ் பாக்கிக்காக நிறுத்திவைக்கக் கூடாது என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்ப, பதிவாளரின் கையெழுத்து போதும். பாக்கித் தாளைச் சுவரில் ஒட்டாமல், அந்த ஏழெட்டுப் பேரை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, உட்காரச் சொல்லி, வீட்டில் என்ன நிலைமை என்று கேட்க அதுகூட வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளில், மாதம் ஒன்றாக, நான் நாற்பது தாள்களாவது ஒட்டியிருப்பேன்.