பழைய கணினியும் புதுக் கடனும்

கல்வராயன் மலையூர்களிலும் கள்ளக்குறிச்சியிலும், 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தமக்கை பெற்ற மடிக்கணினியிலே தம்பி பயிலும் இல்லங்கள் உள. அது மெல்ல இயங்குவது கண்டு பெற்றோர் கடன்பட்டுப் புதியது வாங்குதல் தகாதென்பதே எம் கருத்து.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்த பொது ஆதரவு 14-10-2025-இல் முடிந்தது மெய்யே. ஆயினும் அதனாற் கணினி இறந்துபடவில்லை. தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்கே. கோப்புகளைப் படியெடுத்தபின், அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துக, இடமிருப்பின் ராமைக் கூட்டுக, விலையில்லா லினக்ஸை நிறுவுக. லினக்ஸ் நமக்குப் புதிதன்று. தொடக்க ஆண்டுகளின் அரசு மடிக்கணினிகளிலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது.

மதர்போர்டே பழுதாயின் மேலும் செலவிடற்க. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் ஆகலாகாது. மிஞ்சும் பொருள் தம்பியின் கல்விக் கட்டணத்துக்கு ஆகுக.