துருவின் மேல் வண்ணம்



கடலோரப் பங்கு ஒன்றில் நான் பொறுப்பேற்ற முதலாண்டு அது. ஊர்த் திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்களே இருந்தன. பங்கு இல்லத்துக்கு விருந்தினர் வருவர். குளியலறைச் சன்னலின் இரும்புக் கம்பிகளோ துருவேறிச் செந்நிறமாய்க் காட்சியளித்தன. ஆளைத் தேடி அலைவானேன் என்று எண்ணி, ஒரு லிட்டர் வெள்ளை எனாமலும் ஒரு தூரிகையும் வாங்கி வந்தேன். ஒரே பிற்பகலில் கம்பிகள் பளபளத்தன. எஞ்சிய வண்ணத்தை மாடித் தாழ்வாரத்தின் இரும்புக் கிராதிக்கும் பூசினேன். வந்தோர் பாராட்டினர், நானும் மகிழ்ந்தேன்.

ஐப்பசி மழை வந்தது. வண்ணத்தில் முதலில் சிறு கொப்புளங்கள் தோன்றின. பின்னர் அவை வெடித்து, செந்நீர் வழிந்து, சுவரும் கறைபட்டது. கார்த்திகை முடிவதற்குள் வெள்ளைப் பூச்சு முட்டை ஓடுபோல் உதிர்ந்தது.

ஊரில் வயது முதிர்ந்த பெயிண்டர் ஒருவரை வரவழைத்தேன். அவர் கம்பியைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார்.

“சாமி, துருவைச் சுரண்டாமலா பூசினீர்கள்?”

“ஆம், பெரியவரே. வண்ணம் துருவை மூடிவிடும் என்று எண்ணினேன்.”

“மூடும் சாமி, கண்ணுக்கு மட்டும். உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் ஈரத்தோடும் கூடும்போது துரு உண்டாகிறது. கடற்காற்றின் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொண்டு இவ்வேலையை விரைவுபடுத்துகிறது. துருவோ நுண்துளைகள் நிறைந்தது. நீரையும் உப்பையும் தன்னுள் தேக்கிக்கொள்ளும். மேலும், தான் தோன்றுவதற்குக் காரணமான இரும்பைவிட அது மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே, அடியில் வளரும் துரு மேலுள்ள வண்ணத்தை நெம்பித் தள்ளிவிடுகிறது. வண்ணத்தின் மீது குற்றமில்லை. அது பற்றிக்கொள்ள இரும்பு கிடைக்கவில்லை, உதிரும் தூளே கிடைத்தது.

பெரியவர் தம் பையிலிருந்து சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துக் குளியலறைக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ‘கணீர்’ என்றன. “இவை பிழைக்கும்” என்றார். பின்னர், “மாடிக் கிராதிக்கும் இதே வண்ணந்தானே?” என்று கேட்டுப் படியேறினார். அங்கே இரண்டு தூண்கம்பிகள் தளத்தைத் தொடும் அடிப்பாகத்தில் மந்தமான ஓசை எழுப்பின. திருப்புளியின் முனையால் அழுத்தினார். முனை உள்ளே இறங்கிவிட்டது. அவ்விடத்தில் இரும்பே இல்லை; என் வெள்ளை வண்ணந்தான் இருந்தது.

நாள்தோறும் மாலையில் பாடம் படிக்க வரும் சிறுவர் சிறுமியர் சாய்ந்து நின்று பேசும் இடம் அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. துரு கண்ணுக்குத் தெரிந்தவரை அது ஓர் எச்சரிக்கையாக இருந்தது. அந்த எச்சரிக்கையை அழித்தவன் நானே. மறுநாளே வெல்டிங் செய்பவரை அழைத்து அவ்விரு கம்பிகளையும் மாற்றினோம். அதுவரை மாடிக் கதவு பூட்டியே இருந்தது.

இனி, பெரியவர் கற்பித்த முறையைக் கூறுகிறேன். நம் இல்லத்தார் யாவரும் செய்யக்கூடியதே.

முதலாவது, தட்டிப் பார்த்தல். மெலிந்த கம்பியை வண்ணம் காப்பாற்றாது. அதை மாற்றவே வேண்டும். இரண்டாவது, சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு உப்பையும் அழுக்கையும் கழுவி, நன்கு உலர்த்துதல். மூன்றாவது, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்து நீக்குதல். இரும்பின் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மூலைகளும், பற்றவைத்த இடங்களும், கம்பி சட்டத்துக்குள் நுழையும் அடிப்பாகமுமே முக்கியமானவை. நீர் அங்கேதான் தங்கும். நான்காவது, டர்ப்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூசுதல். சுரண்டிய இரும்பைக் கடற்காற்றில் ஓரிரவு விட்டால் காலையில் மீண்டும் துரு பூத்திருக்கும். ஐந்தாவது, பிரைமர் உலர்ந்தபின் எனாமலை மெல்லியதாக இருமுறை பூசுதல். முதற்பூச்சு முழுவதும் காய்ந்த பின்னரே இரண்டாவது. தடித்த ஒரே பூச்சு வழிந்து சுருங்கும். வேலை நடக்கும்போது சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். அருகில் நெருப்பு வேண்டாம்.

இம்முறையில் வண்ணம் பூசுவது கடைசி வேலை. நேரத்தின் பெரும்பகுதி தேய்ப்பதற்கே செல்லும். “பூசுவது கால் பங்கு, சாமி, சுரண்டுவது முக்கால் பங்கு” என்பார் பெரியவர்.

தாய்மார்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்ணங்களில் காரீயம் கலந்திருந்தது. வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்று 2016-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட சன்னல்களும் கிராதிகளும் நம் இல்லங்களில் எத்தனையோ உள்ளன. அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் தீங்கு விளைக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்கு இல்லை. ஆதலால் குழந்தைகளையும் கருவுற்றோரையும் வீட்டின் வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். பழைய வண்ணத்தை நீரால் நனைத்தே தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துங்கள். தேய்ப்பவர் தூசிக்கு ஏற்ற முகக்கவசம் அணியட்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, உதிர்ந்ததை அப்படியே சுருட்டி அகற்றுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தீ காட்டி வண்ணத்தை உரிப்பது கூடவே கூடாது.

இத்தனை உழைப்பா என்று சலிக்க வேண்டாம். பாரிஸ் மாநகரின் ஈபெல் கோபுரம் 1889-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழாண்டுக்கு ஒருமுறை சுமார் 60 டன் வண்ணம் பூசியே அதைக் காத்து வருகின்றனர். நம் பாம்பன் கடலில் 1914-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதைப் பாலம், உப்புக் காற்றின் நடுவே இடையறாத பராமரிப்பினால் நூறாண்டைக் கடந்து நின்றது. இறுதியில் அரிப்பு மிகுந்து, 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது ஓய்ந்ததில் வெட்கமில்லை. அதன் தளர்ச்சியை அறிந்து உரிய காலத்தில் நிறுத்தினார்களே, அதுவே பொறுப்புள்ளோர் செயல்.

ஆகவே அன்பர்களே, ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் உங்கள் இல்லத்தைச் சுற்றி வாருங்கள். சன்னல், கிராதி, படிக்கட்டுக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி ஆகிய யாவற்றையும் தட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நல்ல இரும்பின் ஓசையையும் கெட்ட இரும்பின் ஓசையையும் அவர்கள் காது அறிந்துகொள்ளட்டும்.

பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. நான் அந்தப் பங்கிலிருந்து மாறுதலாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும், புதிதாய் வண்ணம் பூசிய கிராதியை எங்கு கண்டாலும் முதலில் குனிந்து அதன் அடியைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பார்ப்போர் நகைக்கிறார்கள். நகைக்கட்டும்.