ஐம்பதுக்குப் பிறகு கேட்கப்படாத கேள்வி

தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உட்பட நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியது. அன்று முப்பத்தைந்து வயதில் மாத்திரை வாங்கத் தொடங்கியவர் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். அவரைப் பிழைக்க வைத்ததில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அவருடைய சிகிச்சை ஏட்டில் எடையும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தவறாமல் ஏறிக்கொண்டிருக்க, துணை இருக்கிறாரா, தாம்பத்தியம் எப்படி இருக்கிறது என்ற விவரம் பெரும்பாலும் பதிவு செய்த முதல் நாளோடு நின்றிருக்கும். இந்த விடுபடலை நாம் நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். இது சிகிச்சையில் உள்ள குறை என்பதே இந்த இதழின் கருத்து.

இந்தத் தலைமுறை எச்.ஐ.வி.யைப் பற்றித் தெரிந்துகொண்டது அச்சத்தின் காலத்தில். தொற்றுள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றமே 1998இல் சொன்னது. அந்தக் கருத்து தேவையற்றது என்று 2002இல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. மருத்துவ அறிவுக்கும் இதே கதிதான். 1,763 தம்பதிகளை வைத்து நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னையும் புனேயும் பங்கேற்றன. ஒருவரிடம் வைரஸ் நிலையாகக் கட்டுப்பட்டிருந்த காலத்தில் அவரிடமிருந்து துணைக்குத் தொற்று போனதாக அதில் ஒரு நிகழ்வும் பதிவாகவில்லை. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளின் இரு கட்டங்களிலும் சேர்த்து ஆணுறையில்லாத உறவுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் கணக்கிடப்பட்டன. அங்கும் அப்படிப் பரவிய தொற்று ஒன்றுகூட இல்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உறவின் வழியாகத் துணைக்குப் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. தொற்று தெரிந்த அன்று கேட்ட ஆலோசனையோடு பாயைத் தனியே விரித்துக்கொண்டவருக்கு இதை யார் சொன்னார்கள்?

பேரன் பேத்தி எடுத்த வயதில் இதெல்லாம் எதற்கு, நம் ஊரில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது முதல் மறுப்பு. அமெரிக்காவில் 57 முதல் 85 வயதுவரையுள்ள சுமார் மூவாயிரம் பேரிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், 65–74 வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் பாலுறவில் ஈடுபட்டிருந்தனர். ஆனால் ஐம்பது வயதுக்குப் பின் மருத்துவரிடம் இதைப் பேசியவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 22 சதவீதம் மட்டுமே. வெளிப்படையான சமூகம் என்று நாம் நினைக்கும் இடத்திலேயே நிலை இது. ஆகவே மௌனத்துக்குத் தமிழ்ப் பண்பாட்டை மட்டும் பழி சொல்ல முடியாது. நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் பெண்களை 49 வயதோடும் ஆண்களை 54 வயதோடும் நிறுத்திவிடுகிறது. ஆசையும் அத்தோடு நிற்கும் என்று எண்ணிவிட்டார்கள் போலும். கணவரிடமிருந்து தொற்றைப் பெற்று இளவயதிலேயே விதவையான பெண்களின் நிலை இன்னும் கடினம். பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட பிறகு அவர்களில் ஒருவருக்குத் துணை தேடத் தோன்றினால், அதை வாய்விட்டுச் சொல்ல நம் ஆலோசனை அறையைத் தவிர வேறு இடம் இருக்காது. வயதான ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் திருநங்கைகளுக்கும் பல நேரம் அந்த அறைகூட இல்லை.

கேட்காததால் வரும் ஆபத்து வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை. இரண்டாம் வரிசை மருந்தாக அட்டாசனவிரும் ரிட்டோனவிரும் எடுப்பவர், விறைப்புக் குறைவுக்காக மருந்துக் கடையில் சில்டெனாஃபில் வாங்கிப் போட்டுக்கொண்டால், ரிட்டோனவிர் அதன் அளவை ரத்தத்தில் பல மடங்கு உயர்த்திவிடும். 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. இதய வலிக்கு நைட்ரேட் எடுப்பவர் தொடவே கூடாது. நாம் கேட்காமல் அவராக இதைச் சொல்லப்போவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உறவின்போது வலிப்பது பெரும்பாலும் பிறப்புறுப்பு வறட்சியால். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் ரப்பர் ஆணுறையைக் கிழித்துவிடும், நீர் சார்ந்த ஜெல்தான் வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கூட்டத்துக்கு நடுவே நேரம் எங்கே என்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

இரண்டாவது மறுப்புக்கு வலு உண்டு. பரவாது என்று சொன்னால் ஆணுறையைக் கைவிடுவார்கள். வைரஸ் அளவுப் பரிசோதனையோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான். இடையில் மாத்திரை தவறினால் என்ன ஆகும்? சிபிலிஸும் கொனோரியாவும் வைரஸ் அளவைப் பார்த்து வருவதில்லை என்பதும் சரியே. இவையெல்லாம் முழுமையாகச் சொல்வதற்கான காரணங்களேயன்றி, சொல்லாமல் மறைப்பதற்கான காரணங்கள் அல்ல. மாத்திரையைத் தவறவிடாதே என்று இருபது ஆண்டுகளாக மிரட்டியே சொல்லியிருக்கிறோம். துணையின் அருகில் அச்சமின்றிப் படுப்பதற்கும் அந்த மாத்திரைதான் வழி என்பது மிரட்டலைவிட நல்ல காரணம். துணையைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தொற்றுள்ளவர்மீது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் வைக்கிறது. விவரமே தெரியாதவர் அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவார்?

ஏ.ஆர்.டி. மையங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஐம்பது கடந்த ஒருவரிடம் வைரஸ் அளவு முடிவைக் கொடுக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, அந்த எண்ணுக்கு அவருடைய வீட்டுக்குள் என்ன பொருள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு, கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுச் சற்றுக் காத்திருங்கள்.